மடிப்பைப் பிரித்து ஸ்கேன் செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய நூல்களை இணையத்தில் ஏற்றுவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இலக்கியம், கல்வெட்டு, பழைய பத்திரிகை எல்லாம் அதில் இருந்தன. விமானத் துறை நூலகங்களைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. விமானப் பராமரிப்பிலேயே காலம் கழித்தவன் என்பதால் அந்த வரியை நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெண் ஏரோநாட்டிக்கல் படிக்கிறாள். சந்தேகம் வந்தால் என்னிடம் வருவாள். நாசாவுக்கு முன்னோடியாக 1915 முதல் 1958 வரை இருந்த நாகா (NACA) என்ற அமெரிக்க விமான ஆய்வு அமைப்பின் 460-ஆம் எண் அறிக்கையை அவள் தன் கைப்பேசியிலேயே வைத்திருக்கிறாள். 78 இறக்கை வடிவங்களை விண்ட் டனலில், அதாவது காற்றை வேகமாகச் செலுத்திப் பார்க்கும் சோதனைக் குழாயில், சோதித்து 1933-ல் வெளியிட்ட அறிக்கை அது. இன்று பயிற்சி விமானமாகப் பறக்கும் செஸ்னா 172-இன் இறக்கைக்கு மூலமான, 2412 என்ற எண் கொண்ட வடிவமும் அதில் உண்டு. காசு கொடுக்க வேண்டாம், யாரிடமும் கடிதம் வாங்க வேண்டாம். நாங்கள் படித்த காலத்தில் இதைப் பார்க்க பெங்களூருக்கு ரயில் ஏற வேண்டும். அங்கேயும் நூலகர் மனசு வைக்க வேண்டும்.

அதே பெண் போன மாதம் ஒரு பழைய பிரிட்டிஷ் அறிக்கையை இறக்கிக்கொண்டு வந்தாள். எழுத்தெல்லாம் பளிச்சென்று இருந்தது. வரைபடம் ஒன்றுகூட இல்லை! அந்தக் காலத்து விமான அறிக்கைகளில் பெரிய வரைபடங்களை நான்காக மடித்துப் பின்னால் ஒட்டியிருப்பார்கள். ஸ்கேன் செய்தவர் மடிப்பைப் பிரிக்காமல் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போய்விட்டார். அதனால் வெற்றுத்தாளின் முதுகும், பாதிக் கோடும்தான் படமாகியிருக்கின்றன. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் மடிப்பைப் பிரிக்க யாருக்கு நேரம் இருக்கும்? ஆனால் அந்த அறிக்கையின் உயிரே அந்த வரைபடத்தில்தான். பொறியாளர் ஸ்கேலை வைத்து அதிலிருந்து அளவு எடுப்பார். தாள் கோணலாகப் பதிவானால் அளவும் கோணல்.

இன்னொன்று. கோப்பு சிறியதாக இருக்கட்டும் என்று வெறும் கறுப்பு-வெள்ளையில் ஸ்கேன் செய்கிறார்கள். புகை விட்டு எடுத்த காற்றோட்டப் படங்கள் அதில் மை கொட்டிய மாதிரி ஆகிவிடுகின்றன. விமானப் பராமரிப்புக் கையேடுகளான மேனுவல்களில் தற்காலிகத் திருத்தங்களை மஞ்சள் தாளில் கொடுப்பது பல நிறுவனங்களின் வழக்கம். மஞ்சள் போய்விட்டால் எது மூலம், எது திருத்தம் என்று எப்படித் தெரியும்? இதையெல்லாம் தெரிந்த ஒருவர் ஸ்கேனர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

நம் நாட்டில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. 1959-ல் தொடங்கிய, விமான ஆய்வு செய்யும் தேசிய வான்வெளி ஆய்வகத்தின் (என்.ஏ.எல்.) பெங்களூர் நூலகம், தன் விஞ்ஞானிகளின் கட்டுரைகளை இணையத்தில் தொகுத்து வைத்திருக்கிறது. பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் அங்கே சிலவற்றுக்கு விவரம் மட்டும்தான் கிடைக்கும். முழு ஆவணம் திறக்காது. அப்புறம், 1951-ல் பறந்த பயிற்சி விமானம் எச்.டி.-2, 1958-இன் சிறு விமானம் புஷ்பக், 1961-இன் போர் விமானம் மாருத் என்று நாமே செய்த விமானங்களின் தாள்கள் எங்கே இருக்கின்றன? தொழிற்சாலையில் கொஞ்சம், ஆய்வகத்தில் கொஞ்சம், ஃபிளையிங் கிளப் அலமாரிகளில் கொஞ்சம். முதலில் எது எங்கே இருக்கிறது என்று ஒரு பொதுப் பட்டியலாவது இணையத்தில் வரட்டும். ஸ்கேன் அடுத்த வருடம் செய்தால்கூடப் போதும்.

பாதுகாப்பு ரகசியம் என்பார்கள். மாருத் விமானப்படையிலிருந்து 1990-லேயே விடைபெற்றுவிட்டது. ஒரு மாருத் ஜெர்மனியில், மியூனிக் அருகே அருங்காட்சியகத்தில் நிற்கிறது. டிக்கெட் வாங்கியவர் எவரும் சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம். விமானத்தையே காட்டிவிட்டு அதன் தாளை மட்டும் பூட்டி வைப்பதில் என்ன ரகசியமோ! அரசு வெளியீடுகளுக்கு நம் சட்டப்படி பதிப்புரிமை 60 ஆண்டுதான். ஐம்பதுகளில் வெளியானவற்றுக்கு அந்தத் தடையும் இல்லை.

ஏற்றியதோடு வேலை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். 2013 மார்ச்சில் நாசாவின் அறிக்கைத் தளத்தையே பாதுகாப்புக் காரணம் சொல்லிச் சில வாரம் மூடிவிட்டார்கள். பழைய நாகா அறிக்கைகளுக்கு பிரிட்டனின் கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகமும் ஒரு நகல் வைத்திருந்ததால் பலர் பிழைத்தார்கள். நான் இருக்கும் பல்லாவரத்தில் 1910-ல் ஹோட்டல்காரர் டி ஏஞ்சலிஸ், சிம்சன் நிறுவனத்தின் உதவியோடு கட்டிய விமானத்தைப் பறக்கவிட்டார். இந்த மாதிரிச் செய்திகளைத் தேட லண்டன் விமான வார இதழ் ஒன்றின் பழைய பிரதிகள் பல ஆண்டு இலவசமாக இணையத்தில் கிடைத்தன. பிறகு எடுத்துவிட்டார்கள். ஆகவே பெங்களூரில் ஏற்றுவதற்குச் சென்னையில், குரோம்பேட்டை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் ஒரு நகல் இருக்கட்டும். இரண்டு மாநிலம், இரண்டு கணினி, பெரிய செலவில்லை.

ஆள் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். மீனம்பாக்கத்திலும் பெங்களூரிலும் ஓய்வுபெற்ற டெக்னீஷியன்கள் நிறையப் பேர் சும்மாதான் இருக்கிறோம். போக்குவரத்துச் செலவும் மதியச் சாப்பாடும் கொடுத்தால் மடிப்பைப் பிரித்துக் கொடுக்க வருவோம்.

ஒரு வேண்டுகோள். மேனுவல்களை ஏற்றும்போது ஒவ்வொரு பக்கத்திலும் ‘பழைய பதிப்பு, பராமரிப்புக்குப் பயன்படுத்தக் கூடாது’ என்று முத்திரை போடுங்கள். முதல் பக்கத்தில் மட்டும் போட்டால் போதாது. வேண்டிய ஒரு பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்து, அதிலிருக்கும் பழைய டார்க் (முடுக்கு விசை) அளவுக்கு போல்ட் முடுக்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர்,
பல்லாவரம், சென்னை.