மெஸ் உப்பை மாற்றுங்கள்: கொங்கு நாட்டு மில், பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கங்களில் நூற்பு மில்லும் பனியன் கம்பெனியும் நடத்தி, தொழிலாளர்களுக்கு ஹாஸ்டலும் சாப்பாடும் கொடுக்கிற முதலாளிகளுக்கு வணக்கம்.

உங்கள் மெஸ்ஸுக்கு வாங்கும் சாதா உப்பை, பொட்டாசியம் கலந்த குறைந்த சோடியம் உப்பாக மாற்றச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல். சம்பளம், ஷிப்ட், ஓவர்டைம் பற்றிப் பேச வேறு ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் பேசட்டும். நான் அவிநாசிப் பக்கம் பொது மருத்துவம் பார்ப்பவன். முப்பத்தைந்து வயதில் பி.பி. 160ஐத் தொட்டுக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் பண்றதில்லைங்களே டாக்டர்" என்று சொல்கிற டெய்லரையும் செக்கிங் அக்காவையும் பார்ப்பது எங்களுக்கு இப்போது அன்றாட வேலை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 'ஐ.சி.எம்.ஆர்.-இன்டியாப்' ஆய்வு 2023 ஜூனில் வெளிவந்தது. நாடு முழுவதும் 20 வயதுக்கு மேற்பட்ட 1,13,043 பேரைச் சேர்த்த ஆய்வு அது. நூற்றுக்கு 35.5 பேருக்கு இரத்த அழுத்தம், 11.4 பேருக்குச் சர்க்கரை. சர்க்கரை என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. டீக்கடையில்கூட "சக்கரை இல்லாம ஒண்ணு" என்று சொல்லிக்கொள்கிறார்கள். மூன்று பங்கு அதிகம் பேரிடம் இருக்கிற பி.பி.க்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. பக்கவாதத்துக்கும் மாரடைப்புக்கும் சிறுநீரகச் செயலிழப்புக்கும் பெரும்பாலும் வழி போட்டுக் கொடுப்பது அதுதான்.

மாத்திரை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, மலிவாகவும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஆனால் கம்பெனி ரூம்களில் பகலில் கதவைத் தட்டினால் திறக்க ஆள் இருப்பதில்லை. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர் எழுந்து வருவதும் இல்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கிற பிள்ளைகள் பலருக்கு அப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியாது. எப்படியோ மாத்திரை கைக்கு வந்தாலும், தலை வலிக்காத வியாதிக்குத் தினம் மாத்திரை போடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அதனால்தான் சாப்பாட்டுத் தட்டின் வழியாக ஏதாவது செய்ய முடியுமா என்று உலகம் முழுவதும் தேடினார்கள். கடந்த சில ஆண்டுகளில் நல்ல விடையும் கிடைத்திருக்கிறது.

சீனாவின் வடபகுதியில் 600 கிராமங்கள். ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 வயதைத் தாண்டிய பி.பி. நோயாளிகள் என 20,995 பேர். பாதிக் கிராமங்களில் வழக்கமான உப்பு. மீதிப் பாதியில் நான்கில் மூன்று பங்கு சாதா உப்பும் (அதாவது சோடியம் குளோரைடு) ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பு. சராசரியாக நான்கே முக்கால் ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்துவிட்டு, 2021ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் முடிவை வெளியிட்டார்கள். உப்பு மாற்றிய ஊர்களில் பக்கவாதம் 14 சதவீதமும் இறப்பு 12 சதவீதமும் குறைந்திருந்தது. புது மாத்திரை இல்லை, ஆபரேஷன் இல்லை, உப்பு டப்பா மட்டும் மாறியது. இதய நோய் மருந்துகளின் ஆய்வுகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இறப்பு 12 சதவீதம் குறைவது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

அது வீட்டுச் சமையல். உங்களுக்கு நேராகப் பொருந்துவது இன்னொரு ஆய்வு. 2023ல் நேச்சர் மெடிசினில் வந்தது. சீனாவிலேயே 48 முதியோர் இல்லங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரே சமையற்கட்டு, ஒரே அண்டா, எல்லோருக்கும் ஒரே குழம்பு. சில இல்லங்களில் பொட்டாசியம் கலந்த உப்பு கொடுத்தார்கள். சிலவற்றில் சாதா உப்பையே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துச் சப்ளை செய்தார்கள். இரண்டு ஆண்டுகளில் உப்பை மாற்றிய இல்லங்களில் மேல் பி.பி. மற்ற இல்லங்களைவிடச் சராசரியாக 7 புள்ளி குறைவாக இருந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் குறைந்தன. சப்ளையைக் குறைத்த இல்லங்களில் ஒரு பலனும் தெரியவில்லை. இது எனக்கு ஆச்சரியமாக இல்லை. மெஸ்ஸில் உப்பைக் குறைத்தால் நம் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஊறுகாய் பாட்டிலை ரூமிலிருந்து கொண்டுவருவார்கள், இல்லையென்றால் கேட்டுக்கு எதிரே இருக்கிற பேக்கரிக்குப் போய் முட்டை பப்ஸ் சாப்பிடுவார்கள். "உப்பைக் குறைச்சுக்குங்க" என்று காலமெல்லாம் சொல்லிவரும் எங்களுக்கும் அந்த முடிவில் ஒரு பாடம் இருக்கிறது.

அதே ஆய்வில், தொடக்கத்தில் பி.பி. இல்லாமல் இருந்தவர்களை மட்டும் தனியாகக் கணக்கெடுத்து 2024ல் வெளியிட்டார்கள். உப்பை மாற்றிய இடங்களில் புதிதாக பி.பி. வருவது 40 சதவீதம் குறைவு, பி.பி. அளவுக்கு மீறி இறங்கிப்போகும் தொல்லையும் கூடவில்லை. அவர்களெல்லாம் 55 வயதைத் தாண்டியவர்கள், உங்கள் ஸ்பின்னிங் பிரிவில் நிற்பவர்களோ இருபதுகளில் இருப்பவர்கள். அந்த 40ஐ அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது. போகிற திசை அதுதான் என்று மட்டும் சொல்வேன்.

சீனாக்காரர்கள் சாப்பாடு வேறு, நம் சாப்பாடு வேறு என்று யாராவது கிளம்புவார்கள். தெலங்கானாவின் சித்திப்பேட்டை கிராமங்களில் பி.பி. உள்ள 502 பேரிடம் இதைப் பார்த்திருக்கிறார்கள். யாருக்கு எந்த உப்பு என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, பரிசோதிப்பவருக்கும் தெரியாது. மூன்றே மாதத்தில் மேல் பி.பி. 4.6 புள்ளி அதிகமாகக் குறைந்தது. புளியும் மிளகாயும் சாப்பிடுகிற நாக்குகள்தான் அவையும். இன்னொன்று, மேல்நாட்டில் உப்பு பெரும்பாலும் பாக்கெட் உணவில் ஒளிந்து வருகிறது. நம் உடம்புக்குப் போகிற உப்பில் பெரும்பங்கு அடுப்படியில் கையால் போடுவது. உப்பை மாற்றினால் பலன் கிடைக்க நம் சமையல் தோதானது என்பதற்கு அதுவே காரணம்.

அப்புறம், பொட்டாசியம் குளோரைடு என்றதும் தோட்டம் வைத்திருக்கிறவர்களுக்கு மஞ்சளுக்கும் தென்னைக்கும் போடுகிற பொட்டாஷ் ஞாபகம் வரும். வேதிப்பெயர் ஒன்றுதான். ஆனால் உரமூட்டையில் இருப்பது உணவுத் தரம் கிடையாது. குடோனிலிருந்து ஒரு மூட்டையைச் சமையற்கட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். இப்படி எழுத வேண்டியிருக்கிறதே என்று எனக்கே சிரிப்பு வருகிறது, ஆனாலும் செலவைக் குறைக்கும் நம் ஊர்த் திறமையை நான் குறைத்து மதிப்பிடுவதில்லை. கடையில் 'லோ சோடியம் உப்பு' என்று கேளுங்கள். அயோடின் சேர்த்ததா, எவ்வளவு பொட்டாசியம் என்று பாக்கெட்டைப் பாருங்கள். இது புதுச் சரக்கும் இல்லை. 2014ல் அரசு உப்பு நிறுவனம் அம்மா உப்பு கொண்டுவந்தபோதே, மூன்று வகைகளில் ஒன்று குறைந்த சோடியம் உப்பு.

இனி ஆபத்தைப் பற்றி. மற்ற எதையும் மறந்தாலும் இந்தப் பகுதியை உங்கள் ஹெச்.ஆர். ஆளிடம் படிக்கக் கொடுங்கள்.

சிறுநீரகம் கெட்டவர்களுக்குப் பொட்டாசியம் வெளியேறாது. இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும், உயிரே போகலாம். பொள்ளாச்சி இளநீரை இந்த நோயாளிகளுக்கு நாங்கள் தடுப்பது இதற்காகத்தான். இந்த உப்பும் அவர்களுக்கு ஆகாது. ஸ்பைரனோலாக்டோன் போல, பொட்டாசியத்தை உடம்பிலேயே தேக்கிவைக்கிற சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் ஆகாது. டெல்மிசார்டன் வகை பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்க வேண்டும். அந்த 600 கிராமங்களில் நடந்த ஆய்வில் பொட்டாசியம் ஏறிய தொல்லை கூடவில்லை என்றார்கள், ஆனால் தீவிரச் சிறுநீரக நோய் இருந்தவர்களை அதில் சேர்க்கவே இல்லை. முதியோர் இல்ல ஆய்வில் சிலருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் கொஞ்சம் ஏறியது.

உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இந்த உப்பைப் பரிந்துரைத்தபோதும் கர்ப்பிணிகள், குழந்தைகள், சிறுநீரக நோயாளிகள் ஆகியோரை ஒதுக்கித்தான் வைத்தது. அந்தப் பரிந்துரை வீட்டில் போட்டுக்கொள்ளும் உப்பைப் பற்றியது. ஹோட்டலையும் கேன்டீனையும் அது தொடவில்லை. ஆகவே 'உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது' என்று போர்டு வைக்காதீர்கள். மெஸ்ஸுக்கும் கொண்டுவரலாம் என்பது, அந்த 48 சமையற்கட்டுகளைப் பார்த்துவிட்டு நான் சொல்வது.

அதனால் முதலில் சோதனை, பிறகுதான் உப்பு. ஆளுக்கு ஒரு பி.பி., ஒரு சர்க்கரை, ஒரு கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை), ஒரு சிறுநீர்ப் பரிசோதனை. இ.எஸ்.ஐ. மருந்தகத்தையும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தையும் கேளுங்கள். தொழிலாளர் இருக்கிற இடத்துக்கே வந்து சோதிக்க அரசுத் திட்டம் இருக்கிறது. பாய்லர் பக்கத்திலும் சாயப்பட்டறையிலும் நிற்கிறவர்களை வரிசையில் முன்னால் விடுங்கள். சர்க்கரையோ பி.பி.யோ இல்லாமலே, வெயிலில் உழைக்கிறவர்களின் சிறுநீரகம் கெடுவதை மத்திய அமெரிக்கக் கரும்புக் காடுகளில் கண்டுபிடித்தார்கள். இலங்கை விவசாயிகளிடம் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் இருக்கிறது. தமிழ்நாட்டு வயல்களிலும் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். சோதனையில் பிரச்சினை தெரிகிறவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சாதா உப்பில் தனியாகச் சமைக்க வேண்டும். உங்கள் சமையற்கட்டில் இரண்டு குழம்பு வைக்க வழியில்லை என்றால், இதைத் தொடங்கவே வேண்டாம்.

"எங்க ஆளுங்க வேர்த்துக் கொட்றாங்க, உப்பு வேணுமுங்களே" என்று ஒரு மில் முதலாளி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே. நம் நாட்டில் சாப்பிடுவது 8 முதல் 11 கிராம் வரை என்று பல கணக்குகள் சொல்கின்றன. 8 கிராமில் கால்வாசியைப் பொட்டாசியத்துக்கு மாற்றினாலும் சாதா உப்பு 6 கிராம் மிஞ்சுகிறது. வெக்கையில் மயங்கி விழுகிறவருக்குத் தேவை தண்ணீர், நிழல், கொஞ்ச நேரம் உட்கார அனுமதி, தேவைப்பட்டால் ஓ.ஆர்.எஸ். இதில் மூன்றாவதுதான் பல இடங்களில் கிடைக்காதது. சரி, அதைப் பேச மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

செலவுக்கு வருவோம், நம் ஊரில் அதற்கு வராமல் எந்தப் பேச்சும் முடியாது. 500 பேர் சாப்பிடும் மெஸ்ஸில் ஆளுக்கு 8 கிராம் என்றால் நாளுக்கு 4 கிலோ, மாதம் 120 கிலோ உப்பு. கிலோவுக்கு 30 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 3,600 ரூபாய். தலைக்கு ஏழு ரூபாய் சொச்சம், ஒரு டீக்கே பத்தாது. பக்கவாதத்தில் வலது கை போன ஒரு கட்டிங் மாஸ்டருக்கு மாற்று ஆள் தேடுகிற செலவை உங்கள் கணக்குப்பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.

சுவை கொஞ்சம் மாறும். பொட்டாசியம் கூடினால் லேசாகக் கசக்கும். அரிசிம்பருப்பு சாதத்திலும் ரசத்திலும் பெரிதாகத் தெரியாது, தயிர்ச் சோற்றிலும் மோரிலும் தெரியலாம். கல்லுப்பைக் கையால் அள்ளிப் போட்டுப் பழகிய மாஸ்டருக்குத் தூள் உப்பின் அளவு பிடிபட ஒரு வாரமாவது ஆகும். அந்த ஒரு வாரம் வருகிற புகாரைத் தாங்க வேண்டும். சுவை சரியில்லை என்று மாஸ்டர் ஒரு கை சேர்த்துப் போட்டால் எல்லாம் வீண்; அவரை முதலில் உட்கார வைத்துப் பேசுங்கள், ஆர்டராகப் போடாதீர்கள்.

முக்கியமாக, சொல்லாமல் மாற்றாதீர்கள். ஆய்வில் சேர்ந்தவர்கள் சம்மதம் கொடுத்துச் சேர்ந்தவர்கள். ஹாஸ்டலில் இருக்கிற பெண்ணுக்கு வேறு சாப்பாடு கிடையாது; அவள் சாப்பிடுவதில் என்ன கலந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். கேன்டீன் கமிட்டி இருந்தால் அதில் வையுங்கள், இல்லையென்றால் ஒரு கமிட்டி போடுங்கள். சமையற்கட்டு வாசலில் தமிழ், இந்தி, ஒடியா மூன்றிலும் எழுதி ஒட்டுங்கள். வெளிநாட்டு பையர் அனுப்புகிற ஆடிட்காரர்கள் தீயணைப்பான் தேதியிலிருந்து கழிப்பறைக் கணக்கு வரை பார்க்கிறார்கள். உப்புக்கு அந்தத் தாளில் ஒரு கட்டம் இருந்து நான் பார்த்ததில்லை. யாரும் கேட்காத ஒன்றைச் செய்யச் சொல்கிறேன் என்று தெரிந்தே எழுதுகிறேன். முதல் மாதம் நீங்களும் மேனேஜரும் அதே மெஸ்ஸில், அதே அண்டாவில் வெந்ததைச் சாப்பிட்டால் நோட்டீஸ் அவ்வளவாகத் தேவைப்படாது.

பொங்கல் லீவு முடிந்து ஆட்கள் ஊரிலிருந்து திரும்பும்போது மெஸ்ஸுக்குப் புது மளிகைச் சீட்டு எழுதுவீர்கள். அதற்கு முன்னால், மார்கழியிலேயே, சோதனை முகாமை முடித்துவிடுங்கள். தையில் உப்பை மாற்றுங்கள், ஆடியில் மறுபடி எல்லோருக்கும் பி.பி.யும் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பாருங்கள். பெயர் வேண்டாம், இரண்டு தடவையின் அளவுகளை மட்டும் உங்கள் சங்கக் கூட்டத்தில் வையுங்கள். இறங்காவிட்டாலும் வையுங்கள். அளவெடுக்கவும் கணக்குப் போடவும் ஆள் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருகிறேன், ஃபீஸ் வேண்டாம்.

இப்படிக்கு,
அவிநாசிப் பக்கத்துப் பொது மருத்துவர் ஒருவர்