முதியோர் பணம் பற்றி ஒரு கடிதம்

சென்னை,
12.10.2025

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடச் சொல். இங்கே எல்லோரும் நலம்.

தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருந்த பெரியவரை விசாரித்திருந்தாய். தோள்பட்டை போய்விட்டது, பெட்டியைத் தூக்க முடியவில்லை. வண்டியை விற்றுவிட்டார். ஓஏபிக்கு, அதாவது அரசு தரும் முதியோர் ஓய்வூதியத்துக்கு, மனுப் போட இ-சேவை மையத்துக்கு நான்தான் கூட்டிப் போனேன். முதல் மனு தள்ளுபடி. மகன் இருக்கிறானே என்றார்களாம். இருக்கிறான், வாஸ்தவம்தான். கண்ணகி நகரில் குடியிருக்கிறான், வாடகை ஆட்டோ, மூன்று பிள்ளைகள். மனசு இருக்கிறது, கையில் காசு இல்லை. விசாரணைக்கு வந்தவரிடம் பெரியவர் இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெற்ற பிள்ளையை ஊரார் முன்னால் விட்டுக்கொடுக்க அவருக்கு வாய் வரவில்லை. ஆதரவற்றவர் என்று நிரூபிக்க ஒரு தகப்பன் மகனைக் குற்றவாளி ஆக்க வேண்டும் என்றால் அது என்ன விதி? எனக்கு ரொம்ப நாள் ஆறவில்லை. அடுத்த மனுவை உட்கார்ந்து விவரமாக எழுதிக் கொடுத்தேன். இப்போது மாதம் 1,200 ரூபாய் வருகிறது.

அந்தப் பணம் எந்த மூலைக்கு என்று நீ கேட்பாய். ரேஷன் அரிசிக்குக் காசு இல்லை. பிரஷர் மாத்திரை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக வீட்டுக்கே வருகிறது. அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய். ஆகவே பட்டினி இல்லை, இது சாதாரண விஷயமும் இல்லை. ஆனால் வாடகை, கரண்ட், சிலிண்டர் எல்லாம் அவர் மனைவி வீட்டு வேலை செய்து கொண்டுவரும் சம்பளத்தில்தான். அந்த அம்மாவுக்கும் வயதாகிறது. ஓஏபி பணம் ஒரு நாளுக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொள். அதிலும் ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகள் வந்தால் பிஸ்கட் வாங்கிக் கொடுத்துவிடுகிறார். அப்போது அவர் முகத்தை நீ பார்க்க வேண்டும்.

காமராஜர் முதல்வராக இருந்தபோது, 1962-இல், இந்தத் திட்டம் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2011-இல் ஆயிரம் ஆனது. அடுத்த இருநூறு ஏறுவதற்கு 2023 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டெல்லி கொடுப்பது இன்னும் மோசம். இந்திரா காந்தி முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு 2007-இலும் 200 ரூபாய், இன்றைக்கும் 200 ரூபாய். எண்பது வயது தாண்டினால் 500. அதுவும் மாநிலத்துக்கு இத்தனை பேர் என்று உச்சவரம்பு போட்டு. நம் பெரியவருக்கு வரும் 1,200-இல் ஆயிரம் மாநிலத்துடையது. ஆந்திராவில் 2024 ஜூலையிலிருந்து 4,000 கொடுக்கிறார்கள், முதல் தேதி வீட்டு வாசலிலேயே.

பணம் எங்கே என்று கேட்பார்கள். முதியோர், விதவைகள், மாற்றுத்திறனாளிகள் எல்லோருக்குமான தேசிய சமூக உதவித் திட்டத்துக்கு 2025-26 மத்திய பட்ஜெட்டில் ஒதுக்கியது 9,652 கோடி. அதற்கு முந்தைய ஆண்டும் அதே தொகைதான். விலைவாசி மட்டும் நிற்கவில்லையே! அரசு பென்ஷன் வாங்கும் உனக்கும் எனக்கும் ஆண்டுக்கு இரண்டு தடவை அகவிலைப்படி ஏற்றித் தருகிறார்கள். நாம் போராடி வாங்கிய உரிமை அது, சந்தோஷம்தான். நாம் வாங்கும் அதே கடையில்தானே அவரும் பருப்பு வாங்குகிறார்? விலைக் குறியீட்டெண் ஏறும்போது நம் பென்ஷன் ஏறுகிற மாதிரி ஓஏபியும் தானாக ஏற வேண்டும். எந்த ஆட்சி வந்தாலும் அறிவிப்புக்காக அவர்களைக் காக்க வைக்கக் கூடாது. அரசியல் சட்டத்தின் 41-ஆம் பிரிவு முதுமையில் அரசு உதவி பெறும் உரிமையைச் சொல்கிறது. ‘பொருளாதார வசதிக்கு உட்பட்டு’ என்றும் அதில் இருக்கிறது, தெரியும். ஆனால் 2007-இன் வசதியும் இன்றைய வசதியும் ஒன்று என்று யாராலும் சொல்ல முடியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காலையில் பூங்காவில் நடக்கிற ஓய்வூதியர்கள் சேர்ந்து, அடுத்த பட்ஜெட்டுக்கு முன் எங்கள் எம்.பி.யிடம் ஒரு மனுக் கொடுக்கப் போகிறோம். மத்திய அரசின் பங்கை உயர்த்த வேண்டும், அதை விலைவாசியோடு இணைக்க வேண்டும், இந்த இரண்டுதான் கோரிக்கை. நகல் இதோடு வைத்திருக்கிறேன். நீ கருவூலத்தில் இருந்தவன், கணக்குத் தலைப்பெல்லாம் உனக்குத்தான் அத்துப்படி. தவறு இருந்தால் தயங்காமல் அடித்துத் திருத்தி, தீபாவளிக்குள் அனுப்பிவிடு. உங்கள் ஊர் எம்.பி.யிடமும் நீ ஒன்று கொடுத்தால் நல்லது.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்