பத்து நாள் என்று அச்சடித்த பேட்டரி ஒன்பது மணி நேரத்தில் படுத்துவிடுவது குறித்து

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள், குறைதீர் அலுவலர் அவர்கள் (இருவரில் யார் இருக்கிறாரோ அவர்)

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், திருவொற்றியூர், வடசென்னை

மதிப்பிற்குரிய அய்யா / அம்மா,

வணக்கம். இது என் நான்காவது கடிதம். முதல் மூன்றும் ஈமெயில். மூன்றுக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று ஒரே பதில், அதுவும் ஒரே நிமிடத்தில் வந்தது. ஒரு நிமிடத்தில் படித்துப் பதிலும் போடும் அந்தக் கெட்டிக்காரரைத் தயவுசெய்து உங்கள் கிண்டி சர்வீஸ் சென்டருக்கு மாற்றிவிடுங்கள். அங்கே 14ஆம் நம்பர் டோக்கனைக் கூப்பிட இரண்டே முக்கால் மணி நேரம் ஆகிறது.

மெஷினைப் பற்றி நான் விவரிக்கத் தேவையில்லை, நீங்கள் செய்ததுதானே. காற்றுத்தரம் காட்டும் அந்த வெள்ளை டப்பா. ஜனவரியில், போகி முடிந்த மறு வாரம் ஆன்லைனில் வாங்கினேன். விலை ரூ. 13,490. பில்லின் நகலை மூன்றாவது முறையாக இணைத்திருக்கிறேன். போகிப் புகையில் என் மகள் வயிற்றுப் பேரனுக்கு வீசிங் வந்து, நடு ராத்திரியில் ஆட்டோ பிடித்து ஓடி, நெபுலைசர் வைத்துத் திரும்பிய கதையெல்லாம் உங்களுக்குத் தேவைப்படாது. ஆனால் வாங்கிய காரணம் அதுதான். அவன் படுக்கும் இடத்தில் தூசி ஏறினால் ஜன்னலைச் சாத்த வேண்டும், இறங்கினால் திறக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

முதல் ஐந்து மாதம் குறை சொல்ல ஒன்றுமில்லை, உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். செயலியில் மூன்று தேர்வுகள் இருந்தன: நிறுத்தாமல் அளப்பது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளப்பது, மணிக்கு ஒருமுறை அளப்பது. நான் பத்து நிமிடத்தில் வைத்திருந்தேன். ஒரு சார்ஜுக்கு மூன்றரை நாள் வந்தது. பெட்டியில் 'பத்து நாள்' என்று போட்டிருக்கிறதே என்று அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெரிய மனிதத்தனமாக விட்டுவிட்டேன்.

ஜூனில் ஒரு அப்டேட் வந்தது. 'பேட்டரி மேம்பாடு' என்று அதற்குப் பெயர். மேம்பட்டதில் பத்து நிமிடத் தேர்வே காணாமல் போய்விட்டது. இப்போது நிறுத்தாமல் ஓட்டினால் ஒன்பது மணி நேரம். இல்லையென்றால் மணிக்கு ஒருமுறை. நடுவில் ஒன்றும் கிடையாது.

இதைச் சொல்லத்தான் உங்கள் வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்தேன். பதினெட்டு நிமிடம் வீணை வாசித்தார்கள். அதன் பிறகு ஒரு இளைஞர் வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "எந்த ஏரியா சார்?" என்றார். திருவொற்றியூர் என்றேன். "எண்ணூர் பக்கமா? அங்கெல்லாம் மெஷின் எதுக்கு சார், மூக்கே போதுமே" என்றார். எங்கள் பக்கம் ஆலைகளின் வாடை அடிக்கும் என்ற கிண்டல் அது. பின்னால் இன்னொருவர் சிரித்த சத்தமும் கேட்டது.

அய்யா, எனக்கு 63 வயது. துறைமுகத்தில் எலெக்ட்ரீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கப்பல் வந்து நிற்கும்போது கிரேன் நின்றுபோனால் காது கூசும்படி திட்டு விழும், அதையெல்லாம் கேட்டுப் பழகியவன்தான். ஆனால் இந்த ஒரு வரி என்னை மூன்று ராத்திரி தூங்கவிடவில்லை. உங்கள் நிறுவனம் எல்லா அழைப்பையும் ரெக்கார்டு செய்வதாகத் தொடக்கத்திலேயே ஒரு அம்மா சொல்கிறார். எடுத்துக் கேளுங்கள். ஜூலை முதல் வாரம், காலை பதினொன்றேகால் மணி.

அந்தத் தம்பிக்குத் தெரியாவிட்டாலும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: மூக்கு வாசனையைப் பிடிக்கும், பி.எம். 2.5 தூசியைப் பிடிக்காது. இரண்டரை மைக்ரான் என்றால் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. நாற்றமே இல்லாத காற்றில் அது நிறைய இருக்கும். மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றத்தில் கொஞ்சம்கூட இல்லாமலும் இருக்கும். அம்மோனியா வாடை வந்தால் உங்கள் மெஷின் சும்மாதான் இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். மூக்குக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்ளத்தான் பதின்மூன்றாயிரம் கொடுத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். "மணிக்கு ஒருமுறை வைங்க சார், பேட்டரி நிக்கும்" என்பதுதான் உங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்லும் ஒரே வைத்தியம். எங்கள் தெருவில் காற்று மணி பார்த்துக் கெடுவதில்லை. ராத்திரி இரண்டு, இரண்டரைக்கு ஒரு புகை வரும், இருபது நிமிடம் நிற்கும், போய்விடும். தெருக்கோடியில் யாராவது குப்பையைக் கொளுத்துவார்கள். எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் போக வரிசையில் எஞ்சினை அணைக்காமல் நிற்கும். என் மனைவி வஞ்சிரம் வறுத்தால்கூட அரை மணி நேரத்துக்கு எண் 200ஐத் தாண்டும் (அவருக்கு இதில் என் மேல் கோபம், அது வேறு விஷயம்). இரண்டு மணிக்கு அளந்துவிட்டு மறுபடி மூன்று மணிக்குக் கண் விழிக்கிற மெஷினுக்கு, நடுவில் வந்து போனது எப்படித் தெரியும்? இந்தத் தூசிக்கு இந்தியாவில் 24 மணி நேர சராசரிக்கு வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் அதை 15 என்று வைத்துவிட்டது. நாளுக்கு 24 புள்ளியை வைத்துக்கொண்டு நான் எந்த சராசரியைப் பார்ப்பது? மணலியில் அரசு கண்காணிப்பு நிலையம் இருக்கிறதே என்று உங்கள் இன்னொரு ஊழியர் சொன்னார். இருக்கிறது. என் பேரன் மணலியில் தூங்கவில்லை.

"அப்போ சார்ஜர்லயே போட்டு வைங்க" என்றார் அடுத்தவர். தொட்டில் பக்கத்தில் பிளக் பாயிண்ட் இல்லை, தவழுகிற பிள்ளைக்கு எட்டும் இடத்தில் ஒயரை விடவும் மாட்டேன். தவிர லித்தியம் செல்லை எந்நேரமும் நூறு சதவீதத்தில், அதுவும் சென்னை வெயிலில் ஊறப்போட்டால் அது சீக்கிரம் கிழடாகும். 20க்கும் 80க்கும் நடுவில் வைத்துக்கொண்டால் நீண்ட நாள் உழைக்கும். இதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டிய நிலைமை.

பேட்டரி ஏன் தீர்கிறது என்று யாரும் சொல்லவில்லை என்பதால் நானே பார்த்தேன். ரிச்சி தெருவில் 350 ரூபாய்க்கு ஒரு யு.எஸ்.பி. மீட்டர் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். உள்ளே லேசர் இருக்கிறது, அதன் முன்னால் காற்றை இழுக்கச் சின்ன ஃபேன் இருக்கிறது. இரண்டும் ஓடும்போது சுமார் 100 மில்லி ஆம்பியர், அதுவும் 5 வோல்ட்டில். பேட்டரியோ 3.7 வோல்ட். அதை ஏற்றிக் கொடுப்பதில் கொஞ்சம் வீணாகும். அதன் மேல் வைஃபை. நிமிடத்துக்கு ஒருமுறை அது எழுந்து, ரவுட்டரைத் தேடி, நாலு எண்ணை அனுப்புகிறது. எல்லாம் சேர்த்துப் பேட்டரியிலிருந்து 280 வரை இழுக்கிறது. உங்கள் செல்லின் கொள்ளளவு 2,600 மில்லி ஆம்பியர் மணி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வகுத்துப் பாருங்கள், ஒன்பது மணிச் சில்லறை. ஆக, பேட்டரியில் பழுதில்லை!

இதைக் கவனியுங்கள், ஏனென்றால் கிண்டியில் என்னிடம் பேட்டரி போய்விட்டது, மாற்ற ரூ. 3,200 ஆகும், பேட்டரிக்கு வாரண்டி கிடையாது என்றார்கள்.

பத்து நாள் ஓட வேண்டுமானால் சராசரியாக 11 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது. எப்படிச் சாத்தியம் என்று பெட்டியைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். அடியில், கோந்து ஒட்டிய மடிப்புக்குக் கீழே இருந்தது: மணிக்கு ஒரு அளவீடு, வைஃபை அணைத்த நிலை, திரை அணைத்த நிலை, 25 டிகிரி வெப்பம். திருவொற்றியூரில் 25 டிகிரி மார்கழி விடியற்காலையில் வந்தால் உண்டு. அந்த நேரத்தில் கடல் ஈரத்தில் பனித்துளியைக்கூடத் தூசி என்று எண்ணி உங்கள் லேசர் எண்ணை ஏற்றிக் காட்டும், அது இன்னொரு புகார்.

என் கையில் இருந்ததையெல்லாம் செய்துவிட்டேன். திரையை அணைத்தேன். ரவுட்டரை மெஷினுக்குப் பக்கத்து அறைக்கு மாற்றினேன். சல்லடையில் அடைத்திருந்த தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டினேன். கொஞ்சம் கூடியது, ஒன்பது பத்தானது. பிறகு பவர் பேங்கில் மாட்டினேன். மணிக்கு ஒருமுறை வைத்தால் மெஷின் தூங்கும்போது இழுப்பது மிகக் குறைவு, உடனே பவர் பேங்க் யாரும் இல்லையென்று நினைத்துத் தன்னை அணைத்துக்கொள்கிறது. விடிந்து பார்த்தால் இரண்டும் அணைந்து கிடக்கின்றன.

சரி, கிண்டி. முதல் நடை: தேரடியில் மெட்ரோ ஏறி, கிண்டியில் இறங்கி, தொழிற்பேட்டைக்குள் வெயிலில் நடந்து போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். ஒன்றேகாலுக்கு என் எண் வந்தது. கவுண்டரில் இருந்தவர், "ரிஜிஸ்டர் பண்ண நம்பருக்கு ஓ.டி.பி. வரும், சொல்லுங்க" என்றார். நம்பர் என் மகளுடையது. அவள் வேலையில் இருந்தாள், அங்கே போனைக் கையில் வைத்திருக்க விடமாட்டார்கள். பில் இருக்கிறது, ஆதார் இருக்கிறது, மெஷின் இருக்கிறது, மெஷினைத் தூக்கிவந்த நான் இருக்கிறேன். ஓ.டி.பி. இல்லாததால் நான் வாடிக்கையாளர் இல்லையாம். திரும்பிவிட்டேன். இரண்டாம் நடை: மகள் போனையும் வாங்கிக்கொண்டு போனேன். ஷட்டர் போட்டிருந்தது. ஸ்டாக் கணக்கெடுப்பு என்று காகிதம் ஒட்டியிருந்தது. முந்தின நாள் போன் செய்து கேட்டபோது "வாங்க சார், ஓப்பன்தான்" என்று சொன்னதும் உங்கள் ஆள்தான். மூன்றாம் நடையில் வாங்கி வைத்துக்கொண்டு பதினொரு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். 'பழுது எதுவும் கண்டறியப்படவில்லை' என்று சீட்டு. முன் கண்ணாடியில் மட்டும் புதிதாக ஒரு கீறல், ஐந்து மாதமாகச் சேர்ந்த அளவீடுகள் முழுக்க அழிப்பு. பழுதே இல்லாத மெஷினுக்கு அதற்கு முந்தின வாரம் ரூ. 3,200 எதற்குக் கேட்டார்கள்? அதற்கும் மூக்கே போதுமா?

மன்னிக்கவும். கோபத்தில் வரிசை தப்புகிறது.

இன்னொரு சந்தேகம். இந்த வகை லேசருக்கு ஆயுள் சுமார் 8,000 மணி நேரம் என்பார்கள். நிறுத்தாமல் ஓடினால் பதினொரு மாதம். உங்கள் வாரண்டி பன்னிரண்டு மாதம். பத்து நிமிடத் தேர்வை எடுத்துவிட்டு என்னைத் தொடர்ச்சியாக ஓட்டவைத்தால், வாரண்டி முடிந்த சில மாதத்திலேயே லேசர் தீர்ந்து நான் மறுபடி கிண்டிக்கு அலைய வேண்டும், அப்போதும் ஓ.டி.பி. கேட்பீர்கள். திட்டமிட்டுச் செய்ததாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அப்படித் தோன்றுவதைத் தடுக்கவும் முடியவில்லை.

என் கோரிக்கை பெரிதல்ல. பத்து நிமிடத் தேர்வைத் திரும்பக் கொடுங்கள். அளவீடுகளை மெஷினிலேயே சேர்த்துவைத்து மணிக்கு ஒருமுறை மொத்தமாக வைஃபையில் அனுப்பும்படி செய்தால் இன்னும் நல்லது, மூன்றரை நாள் நாலரை ஆகலாம். அதை எழுதத் தெரிந்தவர்கள் உங்களிடம் இருப்பார்கள், எடுக்கத் தெரிந்தவர்கள்தானே. முடியாது என்றால் ரூ. 13,490ஐத் திருப்பித் தாருங்கள். அதோடு மெட்ரோ, ஆட்டோ, மீட்டர், பவர் பேங்க், கீறல், மகள் போட்ட ஒரு நாள் லீவு, இரண்டு மாதமாக ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து நானே அந்த மெஷினைக் கையால் இயக்கிப் பார்க்கும் கூலி, மன உளைச்சல், இவற்றுக்கெல்லாம் சேர்த்து ரூ. 1,50,000. அதிகம் என்று நினைத்தால் நீங்கள் ஒரு ராத்திரி வந்து எழுந்து பாருங்கள்.

ஆன்லைனில் விற்பவர்களுக்கு 2020 விதிகள் இருப்பது உங்கள் சட்டப் பிரிவுக்குத் தெரியும்: புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் குறைதீர் அலுவலர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். என் முதல் ஈமெயில் போய் ஏழு வாரம் ஆகிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு நாளைக்கே அழைப்பேன். அங்கே பலனில்லையென்றால் வடசென்னை நுகர்வோர் ஆணையம். எனக்கு ஓய்வு நேரம் நிறைய இருக்கிறது, எலெக்ட்ரீஷியன் ஆதலால் மீட்டர் எண்களைத் தேதி வாரியாக நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன்.

இதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மெஷின் நல்ல மெஷின். அந்த ஐந்து மாதத்தில் இரண்டு முறை ஜன்னலைச் சரியான நேரத்தில் சாத்தவைத்தது. அதனால்தான் குப்பையில் போடாமல் நான்காவது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் தம்பியை வேலையைவிட்டு எடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர் எனக்கு ஒரு போன் போட்டு, மூக்கு என்று சொன்னது தப்பு என்று சொன்னால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
திருவொற்றியூர்.

இணைப்பு: பில் நகல், சர்வீஸ் சீட்டு நகல், கீறலின் புகைப்படம், மீட்டர் நோட்டின் நான்கு பக்கங்கள்.

பி.கு.: ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் ஐந்து நட்சத்திரம் கேட்டு வரும் குறுஞ்செய்தியைத் தயவுசெய்து நிறுத்துங்கள். போன் செய்வதானால் மாலை நான்கு மணிக்கு மேல் செய்யுங்கள், அதற்கு முன் பேரன் தூங்கிக்கொண்டிருப்பான்.