தண்ணீருக்கு இன்னொரு பில்

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது என்று பத்மாவை எழுதச் சொல். நீ எழுதினால் "பரவாயில்லை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாய்.

இங்கே கலிபோர்னியாவில், சான் ஹோசே வீட்டுக்கு முதல் சொத்து வரி பில் வந்துவிட்டது. அதில் தண்ணீருக்கென்றே சில வரிகள். குழாய்த் தண்ணீருக்குத் தனி பில் கட்டுகிறோமே, அப்புறம் இது எதற்கு? சென்னையில் மெட்ரோ வாட்டர் வரி கட்டும்போதெல்லாம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீ என்னிடம் புலம்புவாயே, இப்போது என் முறை. பொறுமையாகப் படி.

இங்கே அணை, ஓடை, நிலத்தடி நீர் எல்லாம் சான்டா கிளாரா பள்ளத்தாக்கு நீர் வாரியத்தின் பொறுப்பு. தண்ணீரை மொத்தமாக விற்றும், கிணற்று நீருக்குக் கட்டணம் வாங்கியும் சம்பாதிக்கிறது. ஆனால் வெள்ளத் தடுப்பை லிட்டர் கணக்கில் யாருக்கு விற்பது? 2017 பிப்ரவரியில் கொயோட்டி ஓடை பெருகி ஆயிரக்கணக்கானோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். அந்த மாதிரி வெள்ளத்தைத் தடுக்கும் வேலைக்குச் சொத்து வரிப் பணம் வேண்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. 1978-இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவு என்ற சட்டத்தின்படி பொதுச் சொத்து வரி, வீட்டை வாங்கிய விலையை ஒட்டிய மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வீடு கைமாறும்வரை அந்த மதிப்பும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. அந்த வரியில் வாரியத்துக்கு ஒரு சிறு பங்கு. வடக்கே ஓரவில் அணையிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் மாநிலத் திட்டத்துக்கான வரியோ அந்த 1 சதவீதத்துக்கு வெளியே. அதன் கடன் பத்திரங்களுக்கு மக்கள் 1960-லேயே ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். அதையும் இதே மதிப்பை வைத்துத்தான் போடுகிறார்கள். எனவே எண்பதுகளில் வாங்கிய பக்கத்து வீட்டுப் பெரியவர் கட்டுவதைப் போலப் பல மடங்கு நான் கட்டுகிறேன். அதே அளவு வீடு, அதே தண்ணீர். இளம் வயதில் கடன் வாங்கி வீடு வாங்குகிறவர்கள் தலையில்தான் இந்தச் சுமை இறங்குகிறது, அது அநியாயம். ஆனால் சந்தை மதிப்புக்கே வரி போட்டால், ஓய்வூதியத்தில் வாழும் அந்த மனிதர் வீட்டை விற்க வேண்டியதுதான். அதையும் என்னால் ஏற்க முடியவில்லை.

மூன்றாவது வரி எனக்குப் பிடித்திருக்கிறது. ஓடைப் பராமரிப்புக்கும் வெள்ளத் தடுப்புக்கும் ஆனது. நிலத்தின் பரப்பையும் பயன்பாட்டையும் பார்த்துப் போடுவதால் அவருக்கும் எனக்கும் ஒரே தொகை. வருமானம் குறைந்த முதியோருக்கு விலக்கும் உண்டு. 2020-இல் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்கு வாங்கித்தான் நீட்டித்தார்கள். வாடகைக்கு இருப்பவர்களும் வாக்களித்தார்கள், சேகர்! வரி போடும் முன் இப்படிக் கேட்க வேண்டும்.

உங்கள் மெட்ரோ வாட்டர் வாரியமும் அதே 1978-இல் வந்ததுதான். வீட்டின் ஆண்டு மதிப்பில், அதாவது ஓராண்டு வாடகைக் கணக்கில், 7 சதவீதம், கழிவுநீருக்கும் சேர்த்து. அந்த மதிப்பை உன் வீட்டுக்குக் கடைசியாக எப்போது மாற்றினார்கள்? பழைய ரசீது ஒன்றையும் புதிது ஒன்றையும் படம் எடுத்து அனுப்பு. எனக்கு முதல் தவணைக்கு டிசம்பர் 10 வரை நேரம் இருக்கிறது, அதற்குள் அனுப்பினால் நல்லது.

அன்புடன்,
ரகு