எந்தத் தலைசுற்றல் என்று கேளுங்கள்

விபத்துப் பிரிவு, எலும்பு மருத்துவப் பிரிவு மருத்துவர்களுக்கு,

வணக்கம். சிக்னலில் நின்றிருந்த ஆட்டோவைப் பின்னால் வந்த கார் இடித்தது. உள்ளே இருந்த எனக்குக் கழுத்து ஒரு வெட்டு வெட்டியது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. கழுத்துப்பட்டை, வலி மாத்திரை, வீடு.

நான்காம் நாள் விடிகாலை வலப்பக்கம் புரண்டேன். மின்விசிறி, பீரோ, சுவர் எல்லாம் சுழன்றன. அரை நிமிடத்தில் நின்றுவிட்டது. எழுந்து நடந்தால் படகில் நிற்பது போல மிதப்பு. மறுபடி வந்தேன். "தலைசுத்துதா?" "ஆமா சார்." சீட்டில் இன்னொரு மாத்திரை ஏறியது. வீட்டிலோ பித்தம் என்று இஞ்சிச்சாறு. ஏழு மாதம் இப்படியே ஓடியது.

என் பதிலும் சரியில்லைதான். பசி மயக்கம், பிரஷர் இறங்குவது, அறை சுழல்வது, கால் தள்ளாடுவது என எல்லாவற்றுக்கும் நமக்குத் தலைசுத்தல் ஒன்றுதான். எப்போது, எவ்வளவு நேரம், சுற்றுவது அறையா நீங்களா என்று முதலில் கேட்டவர் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர். தலையை 45 டிகிரி திருப்பிச் சட்டென்று படுக்கவைத்து, என் கண்ணையே பார்த்தார். கருவிழி துடித்துச் சுழன்றதாம். இதற்கு டிக்ஸ்-ஹால்பைக் சோதனை என்று பெயர். உள்காதின் சுண்ணாம்புத் துகள்கள் இடம்பெயர்ந்து, தலையின் சுழற்சியை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் போயிருந்தன. அடிபட்டாலும் இப்படி நேரும் என்றார். ஜான் எப்லி என்ற அமெரிக்கக் காது மருத்துவர் 1992இல் எழுதிய முறைப்படி தலையைப் படிப்படியாகத் திருப்பினார். இரண்டே தடவையில் சுழற்சி நின்றது.

மிதப்பு மட்டும் போகவில்லை. அது கழுத்தின் கணக்கு. தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கழுத்துத் தசையும் மூட்டும் மூளைக்குச் சொல்லும் சேதி, காதும் கண்ணும் சொல்வதோடு ஒத்துப்போகவில்லை. மற்றதையெல்லாம் விலக்கித்தான் இதை முடிவு செய்ய முடியுமாம். பிசியோதெரபியில் மெல்லக் குறைகிறது. பட்டையை மாதக்கணக்கில் மாட்டியிருந்தது வேறு கெடுதல்.

புதுக் காயத்தோடு வருபவரின் கழுத்தைத் திருப்பச் சொல்லவில்லை. எலும்பும் ரத்தக்குழாயும் பத்திரம் என்று தெரிந்த பிறகுதான். இரட்டையாகத் தெரிவது, நாக்குழறல், விழுங்கச் சிரமம், முகம் மரத்துப்போவது இருந்தால் கழுத்துத் தமனி கிழிந்திருக்கலாம் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

புறநோயாளி வரிசை எவ்வளவு நீளம் என்று நானும் பார்த்தேன். அதனால் டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி போதும்: "புரண்டு படுக்கும்போது அறை சுற்றினால் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போகவும்."

இப்படிக்கு,
ஆட்டோவின் பின் சீட்டில் இருந்தவள்