பள்ளி வாசலில் நிற்கும் புகை: பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கோகோ அணி மாவட்டப் போட்டி வரை சென்று வந்தது. அறிவியல் கண்காட்சியிலும் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள். உழைத்த அனைவருக்கும் வாழ்த்துகள்.

மனதில் உறுத்திக்கொண்டிருப்பதை இனிச் சொல்லிவிடுகிறேன். மாலை மணி அடிப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே வாசலில் வண்டிகள் சேர்ந்துவிடுகின்றன. பாதி வண்டிகளில் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது. கேட்டால், "இரண்டு நிமிடம்தானே" என்கிறார்கள். வாசலை ஒட்டிய ஆறாம் வகுப்பின் ஜன்னல் கம்பிகளை ஆயா தினமும் காலையில் ஈரத்துணியால் துடைக்கிறார். துணி கறுத்து வருகிறது. கிரானைட் தூசி நம் கிருஷ்ணகிரிக்குப் புதிதல்ல. அது வெளுப்பாகப் படியும். இது கரி.

கண்ணுக்குத் தெரியாத துகள்தான் அதைவிடப் பெரிய கவலை. 2.5 மைக்ரான் அளவுள்ள துகள் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. பெரிய தூசியை மூக்கும் சளியும் பிடித்துக்கொள்ளும். இது நுரையீரலின் காற்றுப்பைகள் வரை போய்விடும். மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கும். மூச்சிரைப்பு உள்ள பிள்ளைக்கு இழுப்பு வரலாம். இதய நோயாளிக்கு மாரடைப்பையே தூண்டலாம். பேரப்பிள்ளையை அழைத்துப்போக வந்து அந்தப் புகையில் காத்து நிற்கும் தாத்தா, பாட்டிகளையும் நினைத்துத்தான் எழுதுகிறேன். உடல் எடையோடு ஒப்பிட்டால் பிள்ளைகள் நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள், அதுவும் நுரையீரல் வளர்ந்துகொண்டிருக்கும் வயதில். மார்கழிக் குளிரில் புகை மேலே எழாமல் தரையோடு தங்குகிறது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினாலும் இந்தத் துகள் நிற்காது.

24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் இத்துகள் 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வரையறுத்தது. நம் நாட்டின் வரம்பு 60. ஆகவே வரம்புக்குள் இருந்தாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

வரும் திங்கள்கிழமை முதல், இன்ஜினை அணைக்காத எந்த வண்டியும் வாசல் முன் நிற்கக் கூடாது. மீறும் வண்டியின் எண்ணைக் காவலர் குறித்துக்கொள்வார். உரிய பெற்றோரை அலுவலகத்துக்கு அழைத்துப் பேசுவேன். ஆசிரியர்களின் வண்டிகளுக்கும் இதே விதிதான். விலக்குக் கேட்டு யாரும் வர வேண்டாம்.

கடுமையாக எழுதிவிட்டதாக வருந்தாதீர்கள். வேலையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். தெற்கு கலிபோர்னியாவில் காற்று தூய்மையாகத் தூய்மையாக, அங்கே வளர்ந்த பிள்ளைகளின் நுரையீரல் வளர்ச்சியும் மேம்பட்டதை 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் பிள்ளைகளுக்கும் அது கிடைக்க வேண்டும். போகியன்று டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்காமல் இருக்கும்படி வீட்டிலும் சொல்லுங்கள்.

யாரும் சொல்லாமலேயே ஆட்டோவைப் புளியமரத்தடியில் அணைத்து நிறுத்திவிட்டு, பிள்ளைகளைக் கைபிடித்து நடத்திக் கூட்டிப்போகும் ஓட்டுநர்களுக்கும், வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வரும் பெற்றோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்