மாயாற்றுப் பாறு கழுகுகளுக்காக ஒரு திறந்த மடல்

மாயாற்றுப் படுகையைச் சுற்றியுள்ள ஊர்களின் கால்நடை மருத்துவர்களுக்கும் மருந்துக்கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

போன பனிக்காலத்தில் சிறியூர்ப் பக்கம், ஓடைக்கரை நீர்மருத மரத்தின் உச்சியில் ஒரு வெண்முதுகுப் பாறு கூட்டில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். அதையும் தாயும் தகப்பனும் மாறி மாறி அடைகாக்கும்.

உலக அளவில் அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களைத் தரம்பிரிக்கும் செம்பட்டியலில் இந்தப் பறவை 2000-ஆம் ஆண்டிலிருந்து ‘மிக அருகிய இனம்’. மூன்று தலைமுறைக்குள் எண்பது விழுக்காடு குறைந்தாலே அந்த நிலைக்குத் தள்ளிவிடுவார்கள். இதுவோ இந்தியாவில் 1992-க்கும் 2007-க்கும் இடையில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் மிஞ்சியது. அடுத்த படி ‘இயலிடத்தில் அற்றுவிட்ட இனம்’. அதாவது, கூண்டில் மட்டும் இருக்கும், மாயாற்றில் இருக்காது.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழக்கும். கழுத்து தொங்கிப்போய்க் கிளையில் உட்கார்ந்திருக்கும், பிறகு விழும். அறுத்துப் பார்த்தால் ஈரல், இதயத்தின் மேலெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருக்கும். நூறு சடலங்களில் ஒன்றில் இந்த மருந்து இருந்தாலே போதும், கூட்டம் கூட்டமாக அழிவதற்கு.

கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்கை அரசு 2006-இல் தடை செய்தது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போவதைப் பார்த்து, 2015-இல் அதையும் 3 மில்லி ஒற்றை ஊசியாகச் சுருக்கியது. 2023-இல் அதேபோன்ற வலிமருந்துகளான கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் கால்நடைக்குக் கூடாதென்றாயிற்று. 2024 முடிவில் நிமசுலைடும். இவ்வளவுக்குப் பிறகும், மடிவீக்கத்துக்கு மருந்து கேட்டு வந்த ஒருவருக்கு மனிதருக்கான சின்னக் குப்பிகளை நாலைந்தாகச் சேர்த்து ஒரு கடையில் கொடுத்ததை நானே பார்த்தேன். வாங்கியவர்மேல் எனக்குக் கோபமில்லை. கறவை மாடு நோவில் துடிக்கும்போது எது கிடைத்தாலும் வாங்கத்தான் செய்வார். கொடுத்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மெலாக்சிகம் இருக்கிறது, டோல்ஃபெனாமிக் அமிலம் இருக்கிறது. இரண்டும் வலியையும் வீக்கத்தையும் குறைக்கும், பாறுகளைக் கொல்லாது. தயவுசெய்து இவற்றை எப்போதும் கைவசம் வைத்திருங்கள். மாட்டுக்கென்று யார் டைக்ளோஃபெனாக் கேட்டாலும், எவ்வளவு பழகியவரானாலும், கொடுக்காதீர்கள். மருத்துவர்களே, வேறு யாரோ என்னவோ ஊசி போட்ட மாடு இரண்டு மூன்று நாளில் செத்துப்போனால், காட்டோரம் வீசாமல் ஆழமாகப் புதைக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

அந்த நீர்மருதத்துக் கூட்டுக்கு வரும் பனிக்காலத்திலும் போவேன்.

அன்புடன்,
உங்கள் பக்கத்து ஊர்க்காரன்